எலிசபெத்தின் ஜெப நடை

ஓலை வாசிக்கும் நேரத்தில் எழுந்து நிற்கக் கூடாது என்பது பாளையங்கோட்டைச் சபையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாண அறிவிப்பைத்தான் அங்கே ஓலை என்பார்கள்; குருவானவரை ஐயர் என்பார்கள். "இவர்கள் விவாகத்துக்கு யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்பொழுதே அறிவிக்க வேண்டியது" என்று வாசித்துவிட்டு ஐயர் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சுக்கு ஆலயத்துக்குள் இருமல்கூட வராது.

அந்த மூச்சில்தான் எலிசபெத் எழுந்து நின்றாள்.

கடைசி வரிசையில் எங்கேயாவது நின்றிருந்தாலும் போகட்டும். பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள் அவள். சபையைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில், பச்சைக் கரைப் பட்டுச் சேலையோடு, பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நட்டமாக நின்றாள். ராதாபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணப்பெண் ஸ்டெபியின் அம்மா ஞானதீபத்துக்கு முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "சகோதரி ஏதாவது சொல்லணுமா?"

"எத்தனாம் பாட்டு ஐயா?" என்றாள் எலிசபெத்.

முதலில் சிரித்தது வாலிபர் பக்கம்தான். பிறகு ஆலயமே சிரித்தது. பிரசங்கத்தின் நடுவில் தூங்கிப்போய், பக்கத்தில் யாரோ புத்தகத்தைக் கீழே போட்ட சத்தத்தில் விழித்து, பாட்டு அறிவித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தவள் அவள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஞானதீபம். இன்னொருத்தி எலிசபெத்.

தூங்கியதைப் பற்றி எலிசபெத்துக்கு வெட்கம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம், தூங்க முடிந்ததே என்பதுதான். ஏனென்றால் அவள் கட்டிலில் தூங்கி ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. மாதவிலக்கு நின்றதோடு ஒரு தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவள்தான்; போகிற போக்கில் அது தூக்கத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும் என்று யாரும் சொல்லவில்லை. படுத்தால் கண் மூடும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்தெல்லாம் வேர்க்கும், விழித்துவிடுவாள். போர்வையைத் தள்ளுவாள், வேர்வை ஆறினால் குளிரும், போர்வையை இழுப்பாள். பக்கத்தில் அவள் கணவர் தேவசிகாமணி, டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தலையணையில் தலை படுவதற்குள் குறட்டையைத் தொடங்கிவிடுவார். அந்த மனிதர் மேல் அவளுக்கு அப்போது வரும் கோபத்தை வெளியே சொன்னால் நன்றாக இருக்காது.

நன்றாகத் தூங்குகிறவர்களிடம் தூக்கம் வரவில்லை என்று சொல்வதைப் போல வீண் வேலை வேறில்லை. ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் வைத்திருப்பார்கள். பாலில் ஜாதிக்காய் என்றார்கள், கசகசா என்றார்கள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் என்றார்கள். "சங்கீதம் சொல்லிட்டே படு, தானா வந்துரும்" என்று தேவசிகாமணி கொட்டாவியோடு சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். எல்லாம் செய்து பார்த்தாள். தூக்கம் வராததோடு விளக்கெண்ணெயால் படுக்கை விரிப்பும் பாழானதுதான் மிச்சம்.

இதில் எலிசபெத்தை உண்மையிலேயே பயமுறுத்தியது ஓலை விஷயம் அல்ல. அதற்கு அடுத்த புதன்கிழமை, அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது, முருகன்குறிச்சி சிக்னலில் நின்றவள் நின்ற இடத்திலேயே கண் அயர்ந்துவிட்டாள். பின்னால் பஸ்காரன் அடித்த ஹார்னில் கை தானாக முறுக்க, வண்டி பாய்ந்து, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பையை உரசிக்கொண்டு நின்றது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எலிசபெத் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு பழக்கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலமே டாக்டர் அஸீலாவைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் அஸீலா மேலப்பாளையத்துக்காரர். வளவளவென்று பேசமாட்டார். ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "நடங்கம்மா" என்றார்.

"நடக்கத்தானே செய்யுதேன் டாக்டர். மாடி ஏறி இறங்குதேன், மார்க்கெட் போறேன்."

"அது நடை இல்ல, அலைச்சல். நான் சொல்றது வேற. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கைய வீசி நடக்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம். முக்கியமா, நின்னு நின்னு நடக்காதீங்க. இடையில யாரையும் பாத்து நின்னுட்டா அது கணக்குல சேராது. பொழுது சாஞ்ச பிறகு காப்பி வேண்டாம். ஒரே நாள்ல உறக்கம் வந்துராது, சில வாரம் ஆகும். அதுக்குப் பிறகும் சரியாகலன்னா வாங்க, வேற வழி பாப்போம்."

ஆல்ட்டோக்காரியிடம் பாட முடியக் கூடாது என்று சொன்ன முதல் ஆள் அந்த டாக்டர்தான். ஆனாலும் எலிசபெத் நடந்தாள். அலுவலகம் விட்டு வந்து, முகம் கழுவி, மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஷூவை மாட்டிக்கொண்டு, தன் வீடு இருந்த தெருவையும் அதற்கு அடுத்த மூன்று தெருக்களையும் சுற்றிச் சுற்றி வந்தாள். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூவைப் பார்த்துத் தெரு நாய்கூட முதல் நாள் குரைத்தது. தனியாக நடக்கிறபோது வாய் சும்மா இருக்கவில்லை. முப்பது வருஷமாகத் தேவசிகாமணியிடம் சொல்ல நினைத்து விழுங்கியதையெல்லாம் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறது முதல், அவர் அக்காள் வீட்டுக் கல்யாணத்தில் தன்னைச் சமையல்கட்டிலேயே விட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தது வரை. வீடு வந்து சேரும்போது உடம்பும் மனசும் சேர்ந்தே லேசாக இருந்தன.

முதல் வாரம் கெண்டைக்கால் வலித்தது, தூக்கம் வரவில்லை. இரண்டாம் வாரம் வலி குறைந்தது, தூக்கம் வந்து வந்து போனது. அதற்கப்புறம் ஒரு நாள் படுத்தவள், பால்காரன் மணியடிக்கிற சத்தத்தில்தான் எழுந்தாள். எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். விடிந்திருந்தது! எலிசபெத் கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பி, "அப்பா, ஸ்தோத்திரம்" என்றாள். அப்படி ஒரு ஸ்தோத்திரத்தை அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஆலயத்தில்கூடச் சொன்னதில்லை. சிக்னலில் அன்று உரசிய அந்தப் பிள்ளையின் முகம் அதற்குப் பிறகுதான் அவள் கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் விலகியது. இந்தத் தூக்கத்தை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்தால் போதுமா? பாளையங்கோட்டையில் ஒருத்தி சும்மா நடக்க முடியுமா?

ஒரு வியாழக்கிழமை, சபையின் உபதேசியார் தன் பழைய மொபெட்டை அவள் பக்கத்தில் நிறுத்தினார். வயசான மனிதர், நல்லவர், காதில் விழுந்ததை நாலு வீட்டில் சொல்லாமல் சாப்பாடு இறங்காதவர்.

"என்ன எலிசபெத்தம்மா, நாலு நாளாப் பாக்கேன், ஒரே சுத்தாச் சுத்துதிய. வாய் வேற ஏதோ சொல்லிட்டே போவுது?"

எலிசபெத்துக்குத் திக்கென்றது. மாதவிலக்கு நின்ற கதையை உபதேசியாரிடம் நடுத்தெருவில் நின்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்குள் ஜெப வேளையில் பேர் சொல்லி வேண்டுதல் ஏறெடுத்துவிடுவார். வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்ல முடியாது. அதனால் பொத்தாம்பொதுவாக, "மனசுல ஒரே பாரமா இருக்குய்யா. ராத்திரி உறக்கமே இல்ல. அதான் நடக்கேன்" என்றாள்.

இந்த 'பாரம்' என்ற சொல்லில்தான் வினை இருந்தது. மற்ற இடத்தில் பாரம் என்றால் மூட்டை, கவலை. சபையில் பாரம் என்றால் வேறே. ஒரு ஊருக்காக, ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்கச் சொல்லி ஆண்டவர் ஒருவர் மனசில் வைப்பதுதான் அங்கே பாரம். உபதேசியாரின் கண் விரிந்தது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அப்ப இது ஜெப நடையா? தெருத் தெருவா ஜெபிச்சுட்டுப் போறியளா? உறக்கத்த விட்டுப்போட்டா?"

எலிசபெத் "ஆமா" என்று சொல்லவில்லை. "இல்ல" என்றும் சொல்லவில்லை. "வாரேன்யா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! ஓலைக்கு எழுந்து நின்றவள் என்று போன மாதம் சிரித்த வாய்களெல்லாம், "ஸ்தோத்திரம் அக்கா, எங்க தெருவுக்கும் வாங்க" என்றன. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் நடக்கத் தொடங்கியபோது, முதல் வீட்டு வாசலிலேயே ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள். மகனுக்குக் கனடா விசா தட்டிக்கொண்டே போகிறதாம், அதற்கு ஜெபிக்க வேண்டுமாம். இரண்டாவது வீட்டில் காணி வழக்கு. மூன்றாவதில் மருமகளுக்கும் மாமியாருக்கும் ஆகவில்லை. முதலில் மாமியார் வந்து இன்னதற்கு ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு சொன்னாள், அவள் உள்ளே போனதும் மருமகள் வந்து எதிர்க் குறிப்பு சொன்னாள். சிலர் காப்பி போட்டு வைத்திருந்தார்கள். ஜெபிக்க வந்தவள் காப்பியை வேண்டாம் என்றால் வீட்டில் ஏதோ குறை கண்டுவிட்டாள் என்று நினைப்பார்கள் என்று பயந்து, குடித்தும் தொலைத்தாள்.

நடை போயே போய்விட்டது. கேட்டுக்குக் கேட் நின்றால் அது நடையா? தெரு மாற்றிப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் சபையார் இல்லாத தெருவைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. கண்டுபிடித்த ஒரே தெருவிலும், சபையார் ஒருவரின் தங்கை வாடகைக்கு இருந்தாள்.

அதைவிடப் பெரிய கொடுமை படுக்கையில் காத்திருந்தது. எலிசபெத் ஏமாற்றுக்காரி இல்லை. வாங்கிய குறிப்புக்கு ஜெபிக்காமல் படுக்க அவளால் முடியவில்லை. படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவாள். கனடாப் பையன் முடிந்தது, காணி வழக்கு முடிந்தது, அந்தப் பச்சைக் கேட்டுக்காரி யாருக்காகச் சொன்னாள், தம்பிக்கா தங்கச்சிக்கா? அதை யோசிக்க யோசிக்கக் கண் கொட்டக் கொட்ட விழித்துக்கொள்ளும். பழைய சூடு, பழைய வேர்வை, பழைய குறட்டை. காலையில் ஸ்கூட்டர் சாவியை எடுத்தவள் அந்தச் சிக்னலை நினைத்துத் திரும்ப வைத்துவிட்டாள். ஆட்டோவில் போனாள். ஊரார் பாரத்தையெல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொண்டு தன் தூக்கத்தைத் தானே தொலைத்தோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அலுவலகத்தில் பக்கத்து மேஜை பிரம்மநாயகிக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி டவுனில் சைவக் குடும்பம். நெற்றியில் திருநீறும் வாயில் சிரிப்பும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அவளிடம் மட்டும் எலிசபெத் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிரம்மநாயகி மேஜையில் தலையைக் கவிழ்த்துவைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எக்கா, இதுக்கா இப்படி உருகுதிய? நான் தினமும் காலைல எங்க ரத வீதி நாலும் சுத்துதேன். அகலமான வீதி, கடை தொறக்கும் முன்ன ஆளே இருக்காது. உங்களுக்கு அங்கன ஆரத் தெரியும்? வாங்க என் கூட" என்றாள்.

அப்படித்தான் எலிசபெத் விடியற்காலையில் ஆத்துப்பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போகத் தொடங்கினாள். முதல் சில நாள் பிரம்மநாயகியின் மகன் வந்து கூட்டிப்போனான்; பிறகு தானே ஸ்கூட்டரில் போனாள். தாமிரபரணியில் அந்நேரத்துக்கே குளிக்க இறங்கியவர்களின் தலைகள் தெரியும். டவுனில் ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை, கேட்டைத் திறக்கவில்லை, காப்பி நீட்டவில்லை. பிரம்மநாயகியும் அவளும் வேகமாகக் கைவீசி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு நடந்தார்கள். பேச்சில் பாதி மாமியார்கள், பாதி சீரியல்கள். தூக்கம் திரும்பி வந்தது. பைய வந்தது, ஆனால் வந்து தங்கியது. எலிசபெத்தின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வடிந்ததைத் தேவசிகாமணிகூடக் கவனித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத வீதி நாலையும் சுற்றுவது என்றால் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றுவது என்று அர்த்தம். அது எலிசபெத்தின் புத்தியில் ஏறவே இல்லை. அவளுக்கு அது நல்ல தெரு, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஷூ குதிகாலில் கடித்துக் கொப்புளம் ஆகிவிட்டது. ஷூவைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் பிரம்மநாயகி கையில் அர்ச்சனைத் தட்டு வைத்திருந்தாள். நடை முடிந்ததும் கோவிலுக்குள் போகலாம் என்று. அவிழ்ந்த சேலைக் கொசுவத்தைச் செருக வேண்டி, "எக்கா, இதக் கொஞ்சம் புடிங்க" என்று தட்டை எலிசபெத் கையில் கொடுத்தாள். தேங்காயும் பழமும் பூவுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு, எலிசபெத் கீழ ரத வீதியில் திரும்பினாள்.

எதிரே ஞானதீபம் நின்றாள். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க, கூட்டத்துக்கு முந்த வேண்டும் என்று விடியற்காலையிலேயே டவுனுக்கு வந்தவள், கடை திறக்கக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முதலில் எலிசபெத்தின் காலைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள், பிறகு கோபுரத்தைப் பார்த்தாள்.

"ஸ்தோத்திரம் அக்கா" என்றாள். அந்த ஸ்தோத்திரத்தில் கத்தி இருந்தது.

சபையில் யாரும் யாரையும் நேருக்கு நேர் குற்றம் சொல்லமாட்டார்கள். அதற்கு வேறு நாகரிகமான வழி இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஐயரின் மனைவியை எல்லாரும் ஐயரம்மா என்பார்கள், அவர்தான் தலைவி. இஸ்திரி கலையாத வெள்ளைச் சேலை, கலையாத முகம். "ஜெபக்குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்" என்று அவர் சொன்னதும் ஞானதீபம் எழுந்தாள்.

"விசுவாசத்த விட்டு வழி தவறிப் போற ஒரு சகோதரிக்காக ஜெபிக்கணும். பேர் சொல்ல விரும்பல. ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு மட்டுமா தெரியும்? அறையில் இருந்த அத்தனை கண்களும் எலிசபெத்தின் காலைப் பார்த்தன. வெள்ளிக்கிழமை காலைக்கும் சனிக்கிழமை பிற்பகலுக்கும் நடுவில் உபதேசியாரின் மொபெட்டுக்கு நிறைய வேலை இருந்திருக்கிறது.

எலிசபெத்துக்குக் காது சுட்டது. உட்கார்ந்தே இருந்தால் இது தாண்டிப் போய்விடும், ஜெபம் செய்து முடிப்பார்கள், பன் கொடுப்பார்கள், வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு டவுனுக்கு எப்படிப் போவது? இங்கே எப்படி நடப்பது? இரண்டு வழியும் அடைத்துப்போச்சு என்றால் திரும்பவும் அந்தக் கட்டில், அந்தச் சூடு, அந்தச் சிக்னல். எழுந்துவிட்டாள். இந்தத் தடவை தூக்கத்தில் எழவில்லை.

"அந்தச் சகோதரி நான்தான். நானே சொல்லுதேன்," என்றாள். "டவுனுல நான் கோவிலச் சுத்தல, நடந்தேன். தட்டு என் கூட வேல பாக்குத பிள்ளையோடது. இங்கன உங்க தெருவுல நடந்தப்பவும் நான் ஜெபிக்க நடக்கல, சும்மாத்தான் நடந்தேன். எனக்கு மாசாமாசம் வாறது நின்னு ரெண்டு வருஷமாச்சு. அதுல இருந்து உறக்கம் கிடையாது. ராத்திரி உடம்பு கொதிக்கி, வேர்த்துக் கொட்டுது. சிக்னல்ல உறங்கி ஒரு பிள்ள மேல வண்டிய ஏத்திருப்பேன். டாக்டர் நடக்கச் சொன்னாங்க. நடந்தா உறங்குதேன், நடக்கலன்னா இல்ல. இவ்வளவுதான் சங்கதி. உபதேசியார் ஜெப நடையான்னு கேட்டப்ப இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வெக்கம். அது என் தப்பு. ஆனா நீங்க சொன்ன குறிப்புக்கெல்லாம் படுத்துக்கிட்டே ஜெபிச்சேன். ஒண்ணையும் விடல."

கண்ணியமாகப் பேச வேண்டிய இடம், கல்யாணமாகாத வாலிபப் பெண்கள் இரண்டு பேர் பின்னால் இருக்கிறார்கள், மாசாமாசம் என்கிறாள், வேர்த்துக் கொட்டுது என்கிறாள்! ஞானதீபம் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். ஐயரம்மா வெடுக்கென்று எழுந்து, "ஜெபிப்போம்" என்றார். இரண்டே வரியில் ஜெபத்தை முடித்தார். யார் பேரையும் சொல்லவில்லை. பன்னைக்கூட வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் தேவசிகாமணிக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது. "இதையெல்லாமா சங்கத்துல சொல்லுவாங்க?" என்றார்.

"வேற எங்க சொல்ல? உங்ககிட்டச் சொன்னேன், சங்கீதம் சொல்லுன்னிய" என்றாள் எலிசபெத்.

தேவசிகாமணி பேப்பரை மடித்து வைத்தார். பிறகு கட்டிலில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டார்.

ஞாயிறு ஆலயத்துக்குப் போனாள், தலை குனியாமல் பாடினாள், யாரும் அவளிடம் பேசவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு தன் தெருவிலேயே இறங்கினாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கேட்டுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கனடாப் பையனின் அம்மா வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், அவளைக் கண்டதும் பைப்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். நிற்காமல் நடக்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கினாள்! இப்போது ஒருவரும் நிறுத்தவில்லை. ஆனால் சாத்திய ஒவ்வொரு கேட்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பது வருஷமாகத் தன் சனம் என்று நினைத்திருந்த சனம் அது.

மூன்றாவது தெரு முனையில் ஐயர் வீடு. அதன் கேட்டுக்கு வெளியே ஐயரம்மா நின்றிருந்தார். வீட்டுச் சேலை, காலில் பழைய ரப்பர் செருப்பு. எலிசபெத் ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"ரொம்ப வேகமா நடப்பியளோ?" என்றார் ஐயரம்மா.

"உங்களுக்குத் தக்கன நடக்கலாம்மா" என்றாள் எலிசபெத், ஒன்றும் புரியாமல்.

ஐயரம்மா உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நாலு வருஷம் ஆச்சு எலிசபெத். ஒரு ராத்திரி சேந்தாப்புல உறங்கினது இல்ல. சனிக்கிழம நீங்க சொன்னப்ப, நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டியளேன்னு ஆயிட்டு. இன்னும் ஒரு நிமிஷம் நின்னா அங்கயே அழுதிருப்பேன். அதான் சட்டுனு ஜெபத்த முடிச்சேன். தப்பா நெனச்சிராதிய. இப்ப ஐயர்கிட்ட ஜெப நடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வாங்க, போவோம்."

எலிசபெத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் நின்றுவிட்டது. சரி என்று சொல்லிவிடலாம். ஐயரம்மா கூட நடந்தால் நாளைக்கே கேட்டுகளெல்லாம் திறந்துவிடும், போன மானமும் திரும்பி வந்துவிடும். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் 'ஜெப நடை' என்ற அந்தச் சொல் தன் கட்டிலுக்குள் என்னென்ன ஏற்றி வைத்தது என்று அவளுக்குத்தானே தெரியும்.

"வேண்டாம்மா," என்றாள். "அதச் சொல்லித்தான் நான் உறக்கத்த ரெண்டாவது தடவ தொலச்சேன். போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கன நிக்கேன்."

"ஐயர்கிட்டயா? இதையா?"

"ஐயர்கிட்டச் சொல்ல வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க."

ஐயரம்மா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். எலிசபெத் தெருவில் நின்றாள். இருட்டத் தொடங்கிவிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. போனவர் வரமாட்டார், ஐயர் வந்து தன்னைத்தான் கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். போய்விடலாமா என்றும் நினைத்தாள். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டோமே என்று நின்றாள்.

ஐயரம்மா வந்தபோது கண் சிவந்திருந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"கண்ணாடியக் கழத்தி வச்சாங்க. அப்புறம், 'பக்கத்துலதானே படுத்திருக்கேன், எனக்குத் தெரியலையே சுகிர்தா'ன்னாங்க." ஐயரம்மா திரும்பி வீட்டைப் பார்த்தார். "அவங்க என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு எலிசபெத். எனக்கே மறந்துபோச்சு."

எலிசபெத்துக்கும் அந்தப் பேர் இதுவரை தெரியாது. இவர்கள் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஐயரம்மாவுக்கு ஒரு பேர் இருக்கும் என்று அவளோ சங்கத்தில் வேறு யாருமோ ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் ஐயரம்மாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"வாங்க சுகிர்தாக்கா," என்றாள்.

சுகிர்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். எலிசபெத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.